பாட்டி வச்சிருந்த காசுக்கு என்ன விலை?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது. வாரக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.)

 

போன கூட்டத்திலே சத்துமாவு தயாரிப்பு பற்றிப் பேசினோம். அதுக்கு முந்தின கூட்டத்திலே ஆடு, மாடு காப்பீடு. இந்தத் தடவை பழைய காசு பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் சிலர் சிரிச்சீங்க. "குழுவுக்கும் செல்லாத காசுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று ஒரு அக்கா வாய்விட்டே கேட்டாங்க. சம்பந்தம் இருக்கிறது. கேளுங்க.

நம்ம பகுதியில் ஒரு குழு. ஊர் பேர், ஆள் பேர் வேண்டாம். அதில் ஒரு உறுப்பினர் ஆடு வாங்கணும்னு சொல்லி 10,000 ரூபாய் உள்கடன் வாங்கினாங்க. இரண்டு மாசம் தவணை வரவில்லை. குழுவில் நெருக்கிக் கேட்டதும் அழுதுட்டாங்க. ஆடு வாங்கவே இல்லை. வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் காசு உங்ககிட்ட இருந்தால் 10 லட்சம் தருகிறோம் என்று செல்போனில் ஒரு விளம்பரம் வந்திருக்கு. அவங்ககிட்ட அந்தக் காசு ஒண்ணு இருந்திருக்கு. படம் எடுத்து அனுப்பினாங்க. ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு சான்றிதழ் உடனே திரும்பி வந்தது. முதலில் பதிவுக் கட்டணம் 1,550 ரூபாய். அப்புறம் வரி என்று 6,200. அப்புறம் காப்பீடு என்று 9,500. மொத்தம் 17,250 ரூபாய் போய்விட்டது. உள்கடன் போக மீதிக்குத் தோட்டை அடகு வைத்திருக்காங்க.

அந்த அக்காவைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லலை. படிச்சவங்க, வேலைக்குப் போறவங்களும் இதில் மாட்டியிருக்காங்க. நான் கேட்பது ஒரே கேள்விதான். அந்தக் காசுக்கு 10 லட்சம் விலை என்று எதை வைத்து நம்பினோம்? கத்தரிக்காய் கிலோ 500 ரூபாய்னு எவனாவது சொன்னா நம்புவோமா? மாட்டோம். ஏன்னா, கத்தரிக்காய் விலை எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று நமக்குத் தெரியும். பழைய காசின் விலை எப்படி வருகிறது என்று தெரியாது. தெரியாத இடத்தில்தான் ஏமாற்றுகிறவன் நுழைகிறான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம்ம வீட்டுப் பெரியவங்க அரிசிப் பானையிலும் சுருக்குப்பையிலும் வச்சிருந்த வெள்ளிக் காசை அவசரத்துக்குக் கொண்டுபோய் எடைக்குப் போட்டுட்டு வர்றோம். அதிலே சில காசு எடையைவிடப் பல மடங்கு விலை போகக்கூடியதா இருக்கலாம். அதுவும் ஏமாற்றம்தான். இரண்டும் நடக்கக் கூடாதுன்னா, விலை போடுகிற முறையை நாம தெரிஞ்சுக்கணும்.

வயசு மட்டும் விலை ஆகாது

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துடலாம். "ரொம்பப் பழசு, அதனால் விலை அதிகம்" என்பது சரியில்லை.

ராஜராஜ சோழன் பேர் பொறித்த செப்புக் காசுகள் ஆயிரம் வருஷத்துப் பழசு. ஆனால் அவை நிறையக் கிடைத்திருக்கின்றன. அதனால் தேய்ந்த சோழக் காசு இன்னைக்கும் குறைந்த விலைக்கே கைமாறுகிறது.

இன்னொரு கதை. 1808-ல் நம்ம சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை அடித்தது. அதை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மணல்திட்டில் சிக்கி மூழ்கிவிட்டது. 1980-களில் அந்தக் காசுகளைக் கடலுக்கடியிலிருந்து குவியல் குவியலாக எடுத்தார்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் கடலில் கிடந்த காசு, பெரிய கதை உள்ள காசு. ஆனாலும் எண்ணிக்கை அதிகம் என்பதால் சாதாரண ஆளே வாங்கக்கூடிய விலையில்தான் கிடைக்கிறது.

நம்ம வீடுகளில் இருக்கிற ஓட்டைக் காலணாவும் அப்படித்தான். 1943 முதல் 1947 வரை ஏராளமாக அடித்த காசு அது. சாதாரணமாக அதுக்குப் பெரிய விலை கிடையாது.

காசில் போட்டிருக்கிற வருஷத்தையும் அப்படியே நம்ப முடியாது. விக்டோரியா ராணி படம் போட்ட ரூபாயில் 1862 என்று இருக்கும். அதே 1862 என்ற எண்ணைப் போட்டே 1874 வரைக்கும் அடித்திருக்கிறார்கள். அதனால் 1862 ரூபாய் நிறைய இருக்கிறது. அதிலேயே புள்ளிகள், பூ வேலைப்பாட்டில் உள்ள சின்னச் சின்ன வித்தியாசங்களை வைத்துத்தான் சேகரிப்பவர்கள் எது சாதாரணம், எது அபூர்வம் என்று பிரிக்கிறார்கள்.

கேட்க வேண்டிய நாலு கேள்வி

அப்படியானால் விலை எதிலிருந்து வருகிறது? நாலு கேள்வி. விரல் விட்டு எண்ணிக்குங்க.

ஒன்று, என்ன உலோகம்? இதுதான் அடிவிலை. இதற்குக் கீழே போகக் கூடாது. 1835 முதல் 1939 வரையிலான ஆங்கிலேயர் கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அந்தக் காலத்து ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ஜார்ஜ் மன்னர் ரூபாயும் அதே எடைதான். ஆனால் போர்க்காலம் என்பதால் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதில் சுத்த வெள்ளி 5.83 கிராம்தான்.

கணக்குக்காக வெள்ளி ஒரு கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1938-ஆம் வருஷத்து ரூபாயில் இருக்கிற வெள்ளி 1,069 ரூபாய். 1942-ஆம் வருஷத்து ரூபாயில் 583 ரூபாய். கையில் வாங்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே கனம். வருஷம் பார்க்கத் தெரிந்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வித்தியாசம் தெரியும். நீங்க போகிற அன்றைக்கு வெள்ளி விலை என்னவோ அதைப் போட்டுப் பெருக்கிக்குங்க.

1947-ல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல். 1947 ரூபாயில் ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் புலி. காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒட்டாது.

1968 முதல் சில வருஷம் வந்த தாமரைப்பூ 20 பைசாவைத் தங்கம் கலந்தது என்று சிலர் சொல்வாங்க. அதில் தங்கம் இல்லை. மஞ்சளாகத் தெரிவது செம்புக் கலவை.

இரண்டு, எத்தனை இருக்கிறது? எத்தனை அடித்தார்கள் என்பதைவிட, இன்றைக்கு எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 1939 என்று போட்ட வெள்ளி ரூபாய் மிகவும் அபூர்வம். பக்கத்து வருஷமான 1938 நிறையக் கிடைக்கும். ஒரே ராஜா, ஒரே வெள்ளி. ஒரு எண் மாறினால் விலை எங்கேயோ போய்விடுகிறது.

மூன்று, என்ன தரம்? காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு புதுசாக இருக்கிறது என்பது. இதைப் பற்றித் தனியாகச் சொல்றேன்.

நான்கு, யாருக்கு வேண்டும்? அபூர்வமாக இருந்தாலும் கேட்க ஆள் இல்லை என்றால் விலை இல்லை. கதை உள்ள காசை நாலு பேர் தேடுவாங்க. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வந்தபோது, ராஜாவின் அங்கியில் இருந்த குட்டி யானைச் சின்னம் துதிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி தெரிந்தது. மக்களிடம் மனத்தாங்கல் வந்ததும் அரசாங்கம் அதை நிறுத்தி, கையிருப்பை உருக்கிவிட்டு, 1912-ல் யானையைத் தெளிவாகப் போட்டு அடித்தது. அந்த 1911 ரூபாயைப் 'பன்றி ரூபாய்' என்று சொல்லித் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு.

சிலர் வருஷ வாரியாகவும் அடித்த ஊர் வாரியாகவும் சேர்ப்பார்கள். இப்போது உங்க பர்ஸில் இருக்கிற ஒரு ரூபாய் காசை எடுங்க. வருஷத்துக்குக் கீழே பாருங்க. வைரம் மாதிரி கட்டம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லை என்றால் கொல்கத்தா. சில வருஷம் சில ஊரில் குறைவாக அடித்திருப்பார்கள். தன் வரிசையில் அந்த ஒரு காசு இல்லாதவர்தான் கூட விலை கொடுத்து வாங்குவார். அதனால்தான் உண்மையான சேகரிப்பாளர் முதலில் "எந்த வருஷம், எந்த ஊர், எப்படி இருக்கு?" என்று கேட்பார். "பணம் எப்போ கட்டுவீங்க?" என்று கேட்க மாட்டார்.

காசுக்கும் கிரேடிங் உண்டு

நம்ம குழுவுக்கு கிரேடிங் செய்வது எல்லோருக்கும் தெரியும். வங்கி மேலாளரும் அதிகாரிகளும் வந்து என்ன பார்க்கிறார்கள்? குழு ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆச்சு என்பதற்காகவா மதிப்பெண் போடுகிறார்கள்? இல்லை. கூட்டம் ஒழுங்கா நடக்குதா, சேமிப்பு வருதா, கடன் திரும்புதா, பதிவேடு சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். காசுக்கும் அதே மாதிரிதான். தேய்மானம், கீறல், பளபளப்பு, அச்சு எவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது என்று தனித்தனியாகப் பார்த்துத் தரம் சொல்கிறார்கள்.

இந்தத் தட்டில் மூன்று காசு வைத்திருக்கிறேன். மூன்றும் 1901-ஆம் வருஷத்து விக்டோரியா ரூபாய். ஓரத்தை மட்டும் பிடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்க. அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்க.

முதல் காசில் ராணியின் கன்னமும் தலைமுடியும் ஒரே மொழுக்கென்று இருக்கும். கிரீடத்தின் வெளிக்கோடு தெரியும், உள்ளே இருக்கிற கல் தெரியாது. வருஷம் படிக்க முடியும். இதை வியாபாரிகள் 'குட்' அல்லது 'வெரி குட்' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் காசுத் தொழிலில் 'குட்' என்பது நல்ல தரம் இல்லை, நன்றாகத் தேய்ந்த தரம். இப்படிப்பட்ட சாதாரண வருஷத்துக் காசு வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும்.

இரண்டாவது காசில் முடியிழைகள் பாதி தெரியும். கழுத்துச் சங்கிலி தெரியும். உடையில் இருக்கிற பூ வேலை மேடான இடத்தில் மட்டும் மழுங்கி இருக்கும். இது 'வெரி ஃபைன்'. இதற்குக் கீழே 'ஃபைன்', மேலே 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்'.

மூன்றாவது காசில் முடி ஒவ்வொரு இழையாகத் தெரியும். கிரீடத்துக் கல்லை எண்ணலாம். கன்னத்தில் மட்டும் லேசாக உரசின தடம். இதை 'ஏயூ' என்பார்கள், கிட்டத்தட்ட கை படாத காசு. அந்தத் தடமும் இல்லை என்றால் 'யுஎன்சி', அதாவது புழக்கத்துக்கே போகாத காசு. இதை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்க. பட்டுச் சேலையை வெயிலில் அசைத்தால் ஒரு ஒளி ஓடுமே, அது மாதிரி ஓடும். அச்சில் அடிக்கும்போது வருகிற இயற்கைப் பளபளப்பு அது. ஒரு தடவை போனால் எந்தப் பாலீஷ் போட்டாலும் திரும்பி வராது.

'ப்ரூஃப்' என்று இன்னொரு சொல் கேட்பீங்க. அது தேய்மானத் தரம் இல்லை. சேகரிப்பவர்களுக்கென்றே அரசு நாணயச் சாலையில் தனியாக, கண்ணாடி மாதிரி அடித்துப் பெட்டியில் வைத்து விற்பது.

உலக அளவில் 1 முதல் 70 வரை எண் போடுகிற பழக்கமும் உண்டு. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் அவங்க நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக ஏற்படுத்தியது. 1980-களில் தொடங்கிய தரச்சான்று நிறுவனங்கள் காசைப் பார்த்து எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் மூடி அனுப்புகின்றன. அதற்கு அவர்களுக்குக் கட்டணம் உண்டு. வெள்ளி விலை போகிற சாதாரணக் காசுக்கு அந்தச் செலவு கட்டுப்படி ஆகாது. உண்மையிலேயே அபூர்வமான காசு என்று நாலு பேர் சொன்ன பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் அது.

இந்த மூன்று காசும் ஒரே ராணி, ஒரே வருஷம், ஒரே எடை. ஆனால் முதல் காசைவிட மூன்றாவது காசு பல மடங்கு விலை போகும். தரம் என்றால் இதுதான்.

புளி போட்டுத் தேய்க்காதீங்க

விற்கப் போகிறோம் என்றதும் நம்ம கை சும்மா இருக்காது. புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரம் தேய்க்கிற பொடி. தேய்த்துப் பளபளன்னு ஆக்கிக் கொண்டுபோவோம். சகோதரிகளே, காசின் விலையைக் குறைக்க இதைவிட வேகமான வழி கிடையாது. தேய்க்கும்போது மேல் பரப்பில் மயிரிழை போலக் கீறல் விழுகிறது. லென்ஸ் வைத்தால் உடனே தெரியும். வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார், அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கும். வெள்ளியில் வருஷக்கணக்கில் ஏறியிருக்கிற கறுப்பு நிறம் அழுக்கு இல்லை. சேகரிப்பவர்கள் அந்த நிறத்தை விரும்பியே வாங்குவார்கள். பூஜையில் வைத்துக் குங்குமம் ஒட்டியிருந்தால்கூட அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்க.

வைக்கிற விதத்திலும் கவனம் வேண்டும். ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக வெள்ளைக் காகித உறையில் போடுங்க. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீங்க, வெள்ளி கறுத்துத் தழும்பாகிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பையில் வருஷக்கணக்கில் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். ஈரம் படாத பெட்டியில் வைங்க.

நகையாக மாற்றிய காசுக்கும் இதே கணக்குதான். கோர்ப்பதற்காக வளையம் பற்றவைத்தாலோ ஓட்டை போட்டாலோ, சேகரிப்பு விலை போய்விடும். உலோக விலைதான் மிஞ்சும். ஓட்டைக் காலணாவின் ஓட்டை நாணயச் சாலையே போட்டது, அது வேறு.

போலியும் உண்டு

கிராமத்துக்குக் கிராமம் வந்து "புதையலில் கிடைச்சது" என்று விற்கிறவர்கள் உண்டு. ராமர், சீதை, அனுமார் படம் போட்டு, பின்பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று ஆங்கிலத்தில் எழுதிய செப்புக் காசு. அப்படி ஒரு காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. பிற்காலத்தில் யாரோ அடித்து விற்றது. அதுக்கு 'ரைஸ் புல்லிங்' சக்தி இருக்கிறது, அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்திருக்கிறது, கோடி ரூபாய் போகும் என்று சொல்லி ஒரு கூட்டமே அலைகிறது. தமிழ்நாட்டில் இந்த மோசடியில் பலர் கைதாகியிருக்கிறார்கள். எந்தக் காசும் அரிசியை இழுக்காது.

போலியை நாமே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நகைக்கடைத் தராசில் எடை போடுங்க, வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், கூடக் கூடாது. காந்தம் வையுங்க. ஓரத்தில் வரி வரியாக இருக்கிறதா, இல்லை வார்ப்பு ஒட்டின கோடு ஓடுகிறதா பாருங்க. வருஷத்தின் கடைசி எண் மட்டும் மற்ற எண் மாதிரி இல்லாமல் தனியாகத் தெரிகிறதா பாருங்க. அபூர்வ வருஷமாகக் காட்ட எண்ணைச் செதுக்கி மாற்றுவதும் உண்டு.

அச்சாரம் யார் கொடுப்பது?

சந்தைக்கு ஆடு ஓட்டிக்கொண்டு போறோம். வியாபாரி வந்து பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், தூக்கிப் பார்க்கிறார், விலை சொல்கிறார். பிடித்துவிட்டால் அவர் நமக்கு அச்சாரம் கொடுப்பார். "நீ எனக்கு 1,500 ரூபாய் கொடு, அப்புறம் உன் ஆட்டை 50,000-க்கு எடுத்துக்கறேன்" என்று எந்த வியாபாரியாவது சொல்வாரா? சொன்னால் சந்தையே சிரிக்காதா? காசு விற்பதிலும் இதே நியாயம்தான். வாங்குகிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அவன் வாங்க வந்தவன் இல்லை.

ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டு 4-ஆம் தேதி இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. பழைய காசு, பழைய நோட்டு வாங்குவது விற்பது சம்பந்தமாக ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக் கட்டணம், கமிஷன், வரி கேட்கிறார்கள். நாங்கள் அந்த வேலையில் ஈடுபடுவது இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பது இல்லை, எங்கள் சார்பில் கேட்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட சான்றிதழ் வந்தால் நம்பிக்கை வரக் கூடாது. சந்தேகம் வர வேண்டும்.

அந்த வைஷ்ணோ தேவி காசு 2012-ல் கோயில் வாரியத்தின் 25-ஆம் ஆண்டுக்காக வெளியிடப்பட்டது. புழக்கத்துக்கு விட்ட காசு. கடையில் கொடுத்தால் 5 ரூபாய்க்குச் சாமான் கிடைக்கும். சேகரிப்பவர் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். லட்சம் யாரும் கொடுக்க மாட்டார்.

பணத்தை அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்க. அது இணையக் குற்றப் புகார் எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் சொல்லுங்க. வந்த செய்தி எதையும் அழிக்காதீங்க. ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீங்க. பணம் வாங்குவதற்கு கியூஆர் கோடு ஸ்கேன் செய்யத் தேவையில்லை, பணம் கொடுப்பதற்குத்தான் அது.

விற்கணும்னா எப்படி விற்பது?

முதலில் காசின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, வருஷத்தை ஒரு தாளில் எழுதிக்குங்க. தெரிந்த நகைக்கடையில் எடை போட்டு உலோக விலையைக் கேளுங்க. அதுதான் உங்க அடிவிலை. பிறகு நகரத்தில் இருக்கிற காசு வியாபாரிகள் மூன்று பேரிடமாவது காட்டுங்க. அவசரப்பட்டு ஒருவரிடமே முடிக்காதீங்க. நாணயக் கண்காட்சிகளில் ஒரே கூரையில் பல வியாபாரிகள் இருப்பார்கள், விலை ஒப்பிட வசதி. சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் சங்கங்கள் இருக்கின்றன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழங்காசுத் தொகுப்பு இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கும் பாடம்.

வியாபாரி தான் விற்கிற விலைக்கு நம்மிடம் வாங்க மாட்டார். அவருக்கும் லாபம் வேண்டும். அதை ஏமாற்றாக நினைக்க வேண்டாம். ஆனால் மூன்று பேர் சொன்ன விலையும் கையில் இருந்தால் பேரம் பேச நமக்குத் தைரியம் வரும். தனியாகப் போகாதீங்க. இரண்டு உறுப்பினர்களாகப் போங்க. பணம் கைக்கு வந்த பிறகு அல்லது கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்க. வெளிநாட்டுக்காரர் வாங்குகிறார், அனுப்பி வை என்றால் ஒத்துக்காதீங்க. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தனியார் அதை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது.

மண்ணில் கிடைத்தால்

ஏரி தூர் வாரும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ பானையில் காசு கிடைத்தால் அது பாட்டி வைத்த காசு கணக்கில் வராது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கலெக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். நாம் கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம். முறையாகச் சொன்னவருக்குச் சட்டப்படி பங்கு உண்டு. மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் வரும்.

உறுப்பினர்கள் கேட்டவை

"வீட்டில் ஒரு டப்பா நிறைய 10 பைசா, 25 பைசா இருக்கு. என்ன பண்றது?"

25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. வங்கியும் வாங்காது. 50 பைசா மட்டும் இன்னும் செல்லும். தேய்ந்ததற்குப் பெரிய விலை இல்லை. புதுசு போல இருப்பதையும் வருஷம் மாறி மாறி இருப்பதையும் தனியாக எடுத்து வைத்து வியாபாரியிடம் காட்டுங்க. மீதியைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வைத்துக்குங்க.

"திருவள்ளுவர் காசு, காமராஜர் காசு விலை போகுமா?"

திருவள்ளுவர் காசு 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்தது. காமராஜர் நூற்றாண்டுக் காசு 2003. அண்ணா நூற்றாண்டுக் காசு 2009, அதில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கும். மூன்றிலும் புழக்கத்துக்கு விட்ட காசுகள் உண்டு. கை படாத நிலையில் இருந்தால் முகமதிப்பைவிடக் கூடுதலாகப் போகலாம். நம்ம ஊர் ஞாபகமாகப் பிள்ளைகளுக்கு வைத்திருப்பதும் நல்லதுதான்.

"என் மாமியார் காசுமாலையில் பழைய பவுன் காசு இருக்கு. பிரித்து விற்கலாமா?"

உண்மையான ஆங்கிலப் பவுன் காசு என்றால் எடை 7.98 கிராம், 22 காரட். நாம் சொல்கிற 'சவரன்' என்ற சொல்லே அந்தக் காசின் பேரிலிருந்து வந்ததுதான். வளையம் பற்றவைத்திருந்தால் தங்க விலைதான் கிடைக்கும். முதலில் எடையும் காரட்டும் பார்க்கச் சொல்லுங்க. மாமியாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க!

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவும் அடுத்த வாரக் கூட்டத்தில் மூன்று காரியம் செய்யணும்னு கேட்டுக்கறேன். ஒன்று, 1930 என்ற எண்ணை எல்லோரும் செல்போனில் பதிந்துகொள்ள வேண்டும். படிக்கத் தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர் பதிந்து கொடுக்கணும். இரண்டு, பரிசு, பழைய காசு, லாட்டரி என்று முன்பணம் கட்டுவதற்காக உள்கடன் தருவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று, வீட்டில் பழைய காசு இருப்பவர்கள் இந்த நாலு கேள்வியையும் வைத்து, தேய்க்காமல், ஓரத்தைப் பிடித்து, வருஷத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வாரம் 20 ரூபாய், 50 ரூபாய் என்று சேர்த்துத்தான் நம்ம குழுவின் சேமிப்பு இவ்வளவு பெருகியிருக்கிறது. அதில் ஒரு ரூபாயையும் முகம் தெரியாதவனுக்குக் கொடுக்க வேண்டாம். பாட்டி வச்ச காசையும் விலை தெரியாமல் விட்டுவிட வேண்டாம்.

 தட்டில் வைத்த மூன்று காசும் சுற்றி வந்துவிட்டதா? பொருளாளர் அக்கா, ஒரு தடவை எண்ணிப் பார்த்துச் சொல்லுங்க.